டெல்ஸ்ட்ரா மொபைல் சேவை: ஆஸ்திரேலிய உட்பகுதியில் உங்கள் போன் எடுக்குமா?

ஆஸ்திரேலியாவில் ஊர் எல்லையைத் தாண்டிப் போகிறவர்களுக்கு டெல்ஸ்ட்ராதான் சரி. வேறெந்த நிறுவனத்தின் டவர்களும் அவ்வளவு தூரம் எட்டுவதில்லை. ஆனால் 30 லட்சம் சதுர கிலோமீட்டர் என்று அது சொன்ன பரப்பு, வெளி ஆன்டெனா பொருத்திய நிலைக்குப் போட்ட கணக்கு. கையில் வெறும் போன் என்றால் பரப்பு வெகுவாகக் குறையும். கவரேஜ் வரைபடத்தில் ஆன்டெனா இல்லாத நிலையை மட்டும் பாருங்கள்.

டெல்ஸ்ட்ரா டவர்களில் ஓடும் மலிவு சிம்கள் பலவற்றுக்கு முழு நெட்வொர்க் கிடைக்காது. முழுவதும் வேண்டுமானால் டெல்ஸ்ட்ரா சிம், இல்லையேல் பூஸ்ட் மொபைல் சிம்.

பெரிய சிக்கல் போனில்தான். 850 மெகாஹெர்ட்ஸில் ஓடிய 3ஜி 2024 அக்டோபர் இறுதியில் மூடப்பட்டது. இப்போது உட்பகுதியைத் தாங்குவது 4ஜி பேண்ட் 28 என்ற அலைவரிசை. டவரிலிருந்து போனுக்கு 758–803 மெகாஹெர்ட்ஸ், போனிலிருந்து டவருக்கு 703–748. திறந்தவெளியில் 1800 மெகாஹெர்ட்ஸைவிட இதில் இழப்பு சுமார் 7 டெசிபல் குறைவு. தொலைவு கூடக்கூட அந்த 7 டெசிபல்தான் அழைப்பைக் காப்பாற்றும்.

இந்தியாவில் விற்கும் பட்ஜெட் போன்கள் பலவற்றின் 4ஜி பட்டியல் 1, 3, 5, 8, 40, 41 என்று முடிந்துவிடும். மெல்பர்னில் பேண்ட் 3 (1800 மெகாஹெர்ட்ஸ்) இருப்பதால் குறையே தெரியாது; உள்நாட்டு நெடுஞ்சாலையில் சிக்னல் போய்விடும். 5ஜி பட்டியலில் ‘என்28’ இருக்கிறதே என்று வாங்கிவிடாதீர்கள், 4ஜி பேண்ட் 28 தனியாக எழுதியிருக்க வேண்டும். ஒரே பெயரில் நாட்டுக்கு நாடு பேண்டுகள் மாறும், எனவே செட்டிங்ஸில் உள்ள மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

பேண்ட் இருந்தாலும் டெல்ஸ்ட்ராவில் வோல்டிஇ (4ஜி வழியே குரல் அழைப்பு) வேலை செய்யாவிட்டால் அழைப்பு போகாது. அவசர எண் 000-ஐ 4ஜியில் அழைக்க முடியாத போன்களுக்குச் சேவை தரக்கூடாது என்பது அங்கே விதி. டேட்டா உட்பட எல்லாம் நிறுத்தப்படும். 3ஜி மூடலை ஒட்டி, 3 என்று 3498-க்கு எஸ்எம்எஸ் அனுப்பிப் போனைச் சோதிக்கும் வசதி தந்தார்கள். அங்கேயே புதிதாக வாங்குவதானால் டெல்ஸ்ட்ராவின் ‘ப்ளூ டிக்’ பெற்ற மாடலை எடுங்கள், கிராமப்புறத்தில் குரல் அழைப்புக்குச் சோதித்துத் தரும் முத்திரை அது.

சிக்னல் கோடு எத்தனை என்று பார்ப்பதைவிட, டவர் சிக்னலின் வலிமையைச் சொல்லும் ஆர்எஸ்ஆர்பி அளவைப் பாருங்கள். மைனஸ் 120 டிபிஎம் அருகே போனால் எதையும் எதிர்பார்க்க முடியாது. வண்டிக்கு செல்-ஃபை கோ போன்ற, நிறுவனம் அனுமதித்த ரிப்பீட்டரை மட்டும் பொருத்துங்கள். அனுமதியற்ற பூஸ்டர் சட்டவிரோதம், டவரையும் குழப்பும். எந்த ரிப்பீட்டரும் இருக்கிற சிக்னலைத்தான் பெருக்கும்.