சுங்கை பூலோ தொழுநோய்க் குடியிருப்பு: பார்க்கப் போகிறவர்களுக்கு

கோலாலம்பூருக்குப் பக்கத்தில் இவ்வளவு அழுத்தமாக மனதில் பதியும் இடம் குறைவு. 1930இல் திறந்த குடியிருப்பு இது. கிழக்குப் பகுதியை 2007இல் இடித்துவிட்டார்கள், பெரிய இழப்பு. மிச்சப் பகுதியில் பாழடைந்த வீடுகள், ஆள் வசிக்கும் வீடுகள், பூச்செடி நர்சரிகள் எல்லாம் கலந்தே இருக்கின்றன. கொடியில் துணியோ வாசலில் செருப்போ தெரிந்தால் அங்கே ஆள் இருக்கிறார், கேட்காமல் படமெடுக்காதீர்கள்.

காலி வீட்டுக்குள் கால் வைக்கவே வேண்டாம். கூரை ஒழுகி உத்தரம் உளுத்திருக்கும். கரையான் அரித்த மரம் வெளியே பெயின்ட்டோடு உறுதியாகத்தான் தெரியும், கை வைத்தால் பொடியாகும். ஜன்னல் வழியாகவே சுவரில் இறங்கிய வேர்களைப் பார்க்கலாம்.

எம்ஆர்டி ரயிலில் சுங்கை பூலோ நிலையம், அங்கிருந்து கிரேப் (செயலியில் கூப்பிடும் வாடகைக் கார்). காலை எட்டுக்கே போங்கள், மதியத்துக்குமேல் மழை பிடித்துக்கொள்ளும். முழுக்கால் சட்டை, கெட்டி ஷூ, கொசு மருந்து அவசியம். செடி வாங்குவதென்றால் திரும்பும்போது வாங்குங்கள்.