வெள்ளைக்கருவுக்குப் பெப்சினா, ஆல்கலேஸா?

முட்டையின் வெள்ளைக்கருப் புரதங்களை நொதி கொண்டு வெட்டி, ஆக்சிஜனேற்றத்தைத் தடுக்கும் பெப்டைடுகளை, அதாவது சிறு புரதத் துண்டுகளை, பெற முனைவோர் டிரிப்சின், பப்பேயின், ஆல்கலேஸ், பெப்சின் ஆகிய நொதிகளுள் ஒன்றைத் தேர்ந்தாக வேண்டும். நான் டிரிப்சினில் தொடங்கி, ஆல்கலேஸுக்கு மாறி, இறுதியில் பெப்சினில் நிலைத்தவன். எனவே இந்த அலசல் எந்தப் பக்கம் சாயும் என்பதை மறைப்பதற்கில்லை.

ஏட்டளவில் ஆல்கலேஸே முந்துகிறது. பேசில்லஸ் லைக்கெனிஃபார்மிஸ் என்ற பாக்டீரியாவிலிருந்து எடுக்கப்படும் அது, பிஎச் (அமில, காரத் தன்மையின் அளவு; 7 நடுநிலை) 8 ஐ ஒட்டி, 50 முதல் 60 பாகை செல்சியஸில் விரைந்து வெட்டும். வெள்ளைக்கருவும் இயல்பிலேயே காரத்தன்மை உடையது. முட்டை சில நாள் இருந்தாலே அதன் பிஎச் 9 ஐத் தாண்டிவிடும். பெப்சினுக்கோ பிஎச் 2 அளவுக்கு அமிலம் வேண்டும், 37 பாகையில் மணிக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும்.

ஆனால் இந்தக் கணக்கு வெள்ளைக்கருவின் தற்காப்பை மறந்துவிடுகிறது. உள்ளே நுழையும் கிருமிகளின் நொதிகளை முடக்கும் தடுப்புப் புரதங்கள் அதில் பல உள்ளன. மொத்தப் புரதத்தில் ஏறத்தாழ 11 விழுக்காடாக இருக்கும் ஓவோமியூகாய்டு, டிரிப்சினை இறுகப் பிணைத்துச் செயலிழக்கச் செய்கிறது. குறைந்த அளவே உள்ள ஓவோஇன்ஹிபிட்டர், டிரிப்சினோடு சப்டிலிசின் வகை நொதிகளையும் தடுக்கிறது. ஆல்கலேஸில் வேலை செய்யும் நொதியும் அந்த வகைதான். பப்பேயினைத் தடுக்க சிஸ்டாட்டின் இருக்கிறது. காய்ச்சாத வெள்ளைக்கருவில் டிரிப்சினைக் கலந்து இரவு முழுவதும் வைத்திருந்தும், புரதங்களை அளவுவாரியாகப் பிரித்துக் காட்டும் ஜெல்லில் புரதப் பட்டைகள் ஏறக்குறைய அப்படியே நின்றதைக் கண்டபோது, நொதி கெட்டுப்போனது என்றே முதலில் நினைத்தேன். நொதியில் குறையில்லை, அதை எங்கே இட்டேன் என்பதில்தான் குறை. பெப்சினுக்கு இந்தத் தொல்லை இல்லை. அது வேலை செய்யும் அமிலச் சூழலில் மேற்சொன்ன தடுப்பான்கள் அதைத் தொடுவதில்லை என்பதோடு, ஓவோமியூகாய்டையே அது வெட்டவும் செய்கிறது.

முதலில் சூடாக்கிவிட்டால் தடுப்பான்கள் அழியாதா என்று கேட்கலாம். ஓரளவு அழியும். ஆனால் ஓவோமியூகாய்டு அமிலச் சூழலில் கொதிநிலையைக்கூடத் தாங்கும். காரச் சூழலில்தான் விரைவில் சிதையும். அதற்குள் வெள்ளைக்கருவின் மற்றப் புரதங்களான, 61 பாகையளவில் ஓவோடிரான்ஸ்ஃபெரினும், 80 பாகையைக் கடந்தபின் ஓவால்புமினும் உறைந்து, கரைசல் கலக்கியால் கிளற முடியாத கட்டியாகிவிடுகிறது. அதைத் தவிர்க்க நீர்க்கச் செய்தால், சேர்த்த நீரை எல்லாம் பின்னர் உலர்த்தி வெளியேற்ற வேண்டும். இந்த ஒரு படியின் சுமையே என் முடிவை மாற்றியது. சூடாக்கினால் ஓவால்புமினின் இறுகிய மடிப்பு குலைந்து பெப்சினின் வேலையும் விரைவுபடும் என்பது உண்மைதான். ஆயினும் சூடாக்காமலும் அதனால் முடிகிறது, பொறுமை மட்டும் கூடுதலாகத் தேவை.

அடுத்தது, எந்தத் துண்டு கிடைக்கிறது என்பது. 2004 இல் ஸ்பெயின் ஆய்வாளர்கள் பெப்சினால் வெட்டிய வெள்ளைக்கருவிலிருந்து, டைரோசின், அலனின், இரண்டு குளூட்டமிக் அமிலம், ஆர்ஜினின், டைரோசின், புரோலின், ஐசோலூசின், லூசின் என்ற வரிசையுடைய ஒன்பது அமினோ அமிலப் பெப்டைடைக் கண்டறிந்தனர். ஆக்சிஜனேற்றத்தைத் தூண்டும் தனியுறுப்புகளை (free radicals) அடக்கும் அதன் ஆற்றல் மிகுதி. டைரோசினின் ஃபீனால் தொகுதி எளிதில் ஹைட்ரஜனைக் கொடுப்பது இதற்கு ஒரு காரணம். டிரிப்சின் ஆர்ஜினினை அடுத்து வெட்டும் என்பதால், இதே துண்டு அதனிடம் சிக்கினால் இரண்டாகிவிடும். நம் சிறுகுடலிலும் டிரிப்சின் இருப்பதால், சோதனைக் குழாயில் பெறும் மதிப்பை உடலுக்குள் அப்படியே எதிர்பார்க்கக் கூடாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

பெப்சினின் குறை உப்பு. அமிலமாக்கிய கரைசலை நடுநிலைக்குக் கொண்டுவரும்போது, ஒவ்வொரு மோல் ஹைட்ரோகுளோரிக் அமிலத்துக்கும் 58.5 கிராம் உப்பு உண்டாகிறது. 3 கிலோ டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அலகு) மேற்பட்ட மூலக்கூறுகளைத் தடுக்கும் சவ்வில் வடித்தால், நாம் விரும்பும் சிறு பெப்டைடுகளோடு உப்பும் சேர்ந்தே கீழிறங்கும். ஆல்கலேஸிலும் பிஎச் ஐ 8 இல் நிறுத்திவைக்கக் காரம் ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டியிருப்பதால், அந்தப் பக்கமும் உப்பிலிருந்து தப்பவில்லை. நுரையோ இரண்டிலும் ஒன்றுதான். கலக்கியை மெல்லச் சுழற்றாவிட்டால் கரைசலில் பாதி நுரையாகிவிடும்.

பப்பேயினை நான் இரண்டு முறையே பயன்படுத்தியிருக்கிறேன், ஐந்து லிட்டருக்கு மேல் எதையும் செய்து பார்த்ததில்லை. பெரிய கலன்களில் நேரமே பணம் என்னும்போது ஆல்கலேஸின் வேகம் என் வாதத்தை வென்றுவிடக்கூடும். ஏற்கெனவே வெப்பத்தில் உறையவைத்து, காரச் சூழலில் தடுப்பான்களை ஒழித்த வெள்ளைக்கரு கைவசம் இருப்பவருக்கு நானே ஆல்கலேஸைத்தான் சொல்வேன்.