யாழ்ப்பாணத்தை ‘எக்ஸ்’ ஆக்கிய என் விரல்: மோர்ஸ் கீயருடன் மூன்று ஆண்டுகள்

நான் பொழுதுபோக்காக அமெச்சூர் வானொலியில் மோர்ஸ் குறிகளால் பேசுபவன். குறிகளைச் சீரான அளவில் அனுப்பும் மோர்ஸ் கீயரும், கேட்கும் குறிகளை எழுத்தாக்கித் திரையில் காட்டும் ரீடரும் சேர்ந்த பெட்டி ஒன்றை வாங்கி 3 ஆண்டுகள் ஆகின்றன. உள்ளங்கை அகலப் பெட்டி. முகப்பில் இரண்டு வரித் திரை, வேகத்தைக் கூட்டிக் குறைக்க ஒரு குமிழ். வளவுக் கோடியில் நிற்கும் இரண்டு பனைகளுக்கு நடுவே 20 மீற்றர் செப்புக் கம்பி கட்டி, 7 மெகாஹேர்ட்ஸில் பெரும்பாலும் மாலை வேளைகளில் பேசுகிறேன். இலங்கைக்குரிய 4எஸ்7 என்று தொடங்கும் எங்கள் அழைப்புக்குறி கேட்டாலே இந்திய நிலையங்கள் ஆவலோடு பதில் தரும்.

முதலில் கீயர். நம் இலக்கணத்தில் குறிலுக்கு 1 மாத்திரை, நெடிலுக்கு 2, உயிரளபெடைக்கு 3. மோர்ஸின் குறுகிய ஒலி டிட், நீண்ட ஒலி டா. டிட் 1 மாத்திரை என்றால் டா 3; நெடிலைத் தாண்டி நேரே அளபெடை. நிமிடத்துக்கு 12 சொல் வேகத்தில் டிட் 100 மில்லிசெக்கன், 20 சொல்லில் 60. சாதாரணச் சாவியில் இந்த அளவுகளைக் கை தான் காக்க வேண்டும். கீயரில் பேடில் என்ற இருபக்கச் சாவியின் ஒரு பக்கத்தைத் தொட்டால் டிட், மறுபக்கத்தைத் தொட்டால் டா, எப்போதும் ஒரே அளவில் வரும். எனக்கு நீண்ட நேரம் சாவி அடித்தால் மணிக்கட்டு வலிக்கும்; இப்போது அந்த வலி அறவே இல்லை. இதற்காக மட்டுமே கூட வாங்கலாம்.

ரீடரிடம்தான் நான் அதிகம் எதிர்பார்த்து ஏமாந்தேன். எதிர்முனையில் இருப்பவரும் கீயரில் அனுப்பி, ஒலியும் பலமாக இருந்தால் ஏறக்குறைய எல்லா எழுத்தும் திரையில் விழும். கையால் அடிப்பவர் என்றாலோ, ஒலி ஏறி இறங்கினாலோ திரை குழம்பிவிடும். அயல்வீட்டில் மலிவான சார்ஜர் ஒன்றைச் செருகினால் ‘ஈ’, ‘டி’ என்று வரிசையாக ஓடும். ஒற்றை டிட் ‘ஈ’ (E), ஒற்றை டா ‘டி’ (T). ஒவ்வொரு இரைச்சல் வெடிப்பையும் எழுத்தென்று எண்ணிவிடுகிறது.

எங்கள் பக்கத்தில் தந்தி அலுவலகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் இருக்கிறார். நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டவர், “தம்பி, அதை ஒரு துணியால் மூடிவிட்டுக் கேளும். பிறகு உம்முடைய கையை அதற்குக் காட்டும்” என்றார்.

அப்படியே ரீடரை என் பக்கம் திருப்பினேன். ஊர்ப் பெயரை ‘JAFFNA’ என்று ஆங்கில எழுத்துகளில் அனுப்பினேன். திரையில் ஜே, ஏ, எஃப், எஃப் வந்தன. கடைசியில் ‘என்’, ‘ஏ’ வரவேண்டிய இடத்தில் ‘எக்ஸ்’ நின்றது. மீண்டும் அனுப்பினேன், மீண்டும் எக்ஸ். ‘என்’ என்பது டா டிட். ‘ஏ’ என்பது டிட் டா. நடுவே 3 மாத்திரை அமைதி விடாமல் ஓடினால் டா டிட் டிட் டா, அதுவே எக்ஸ். குறியின் நீளத்தைக் கீயர் பார்த்துக்கொள்கிறது. எழுத்துக்கும் எழுத்துக்கும் இடையிலான அமைதி என் பொறுப்பில்தான் இருக்கிறது. அதுவரை எத்தனை பேருக்கு என் ஊரைத் தவறாக அனுப்பியிருப்பேனோ என்று நினைத்தபோது உண்மையாகவே வெட்கமாக இருந்தது.

சில குறைகளையும் சொல்ல வேண்டும். அனுப்பும் வலுவை 50 வாட்டுக்கு ஏற்றியபோது பெட்டி தானாகவே டிட் கொட்டத் தொடங்கியது. விற்றவர்களிடமிருந்து பதில் வரவில்லை. பேடில் கம்பியை இரைச்சலை அடக்கும் ஃபெரைட் வளையத்தில் சுற்றி, இரு முனைகளிலிருந்தும் தரை இணைப்புக்கு 0.01 மைக்ரோஃபாரட் கொண்டென்சர் வைத்தபின் நின்றது. உப்புக் காற்றில் பேடிலின் தொடுமுனைகள் கறுத்து டிட் விடுபடும். மாதம் ஒருமுறை வெள்ளைத் தாளை இடையில் செருகி இழுத்தால் போதும். பேடிலின் இரு பக்கத்தையும் சேர்த்து அழுத்தினால் டிட்டும் டாவும் மாறி மாறி வரும்; அதற்குக் கீயரில் ‘ஏ’, ‘பி’ என்று இரண்டு முறைகள் உண்டு. புதிதாகப் பழகுவோர் ‘ஏ’ முறையில் தொடங்குங்கள். ‘பி’ முறையில் இரு பக்கத்தையும் விட்டபிறகும் ஒரு குறி கூடுதலாக விழும். அதில் நான் இரண்டு மாதம் திணறினேன்.

ஐப்பசியில் இடி தொடங்கினால் அன்ரனாவைக் கழற்றிவிடுவேன். அந்த நாட்களில் பற்றரியில் பெட்டியை மட்டும் இயக்கி, அதன் உள்ளொலியைக் கேட்டபடி ஊர்ப் பெயரை அனுப்பிப் பழகுகிறேன். 16 சொல் வேகத்தில் ‘என்’, ‘ஏ’ இரண்டும் தனித்தனியே நிற்கின்றன. 18க்குக் கூட்டினால் இன்னும் ஒட்டிக்கொள்கின்றன.