விமான ஜன்னலில் தெரிவது எந்த மலை, எந்த ஏரி? எந்த ஆப் உதவும்?

ஜன்னலில் தெரியும் மலையின் பெயரைச் சொல்ல ஆப் தேடுகிறவர்கள் ஒன்றை முதலிலேயே தெரிந்துகொள்வது நல்லது. விமானம் எங்கே இருக்கிறது என்று மட்டும்தான் போனுக்குத் தெரியும். நீங்கள் பார்க்கும் இடம் அங்கிருந்து பத்து, இருபது, சில சமயம் அறுபது கிலோமீட்டர் பக்கவாட்டில் கிடக்கும். மேப்பில் நம் இருப்பிடத்தைக் காட்டும் நீலப்புள்ளிக்கு நேர் அடியில் உள்ள ஊர் எந்த ஜன்னலிலும் தெரியாது. இந்த இடைவெளியைத் தாண்ட எது கைகொடுக்கிறது என்பதுதான் இங்கே அளவுகோல். உதாரணத்துக்குச் சென்னை–கோயம்புத்தூர் வழித்தடம்.

எல்லா ஆப்புக்கும் பொதுவான முன்வேலை ஒன்று உண்டு. ஃபிளைட் மோடில் போட்டாலும் ஜிபிஎஸ் வேலை செய்யும். அது சிக்னலை வாங்குகிறதே தவிர அனுப்புவதில்லை. ஆனால் தரையில் இணையம் வழியாக நொடியில் வந்துவிடும் செயற்கைக்கோள் விவரம், மேலே போனபின் செயற்கைக்கோளிலிருந்தே இறங்க வேண்டும். அதற்குச் சுமார் 30 நொடி தடையில்லாத சிக்னல் தேவை. நடுவில் போனைக் கீழே இறக்கினால் மறுபடி முதலிலிருந்துதான். ஆகவே கேட் அருகே நெட் இருக்கும்போதே மேப்பைத் திறந்து நீலப்புள்ளி வரும்வரை காத்திருங்கள். பறக்கும்போது போனை ஜன்னல் கண்ணாடியோடு ஒட்டிப் பிடியுங்கள். நடைபாதை சீட்டில் பெரும்பாலும் கிடைக்காது. பேட்டரி சேவரை அணைத்து வையுங்கள், இல்லையென்றால் திரை அணைந்ததும் ஜிபிஎஸ்ஸும் நின்றுவிடலாம்.

சீட்டுக்கு முன்னால் உள்ள திரை வரைபடம், இருக்கிற விமானத்தில், தொந்தரவே இல்லாதது. விமானத்தின் சொந்தக் கருவிகளிலிருந்து இருப்பிடம் வருவதால் சிக்னல் பிரச்சினை கிடையாது; உயரமும் வேகமும் சரியாக இருக்கும். பெரிய ஊர்களின் பெயர்களைத் தாண்டி அதில் ஒன்றும் இராது என்பதுதான் குறை. சேலம் என்று போடும், கஞ்சமலையைப் போடாது. உள்நாட்டுக் குறுந்தூர விமானங்கள் பலவற்றில் திரையே கிடையாது.

கூகுள் மேப்ஸின் ஆஃப்லைன் பகுதி பலருக்குக் கைப்பழக்கம். ஆனால் இறக்கிவைத்த மேப்பில் சாட்டிலைட் படமும் நிலமேடு காட்டும் அடுக்கும் வராது. அது சாலையில் போகிறவருக்கான மேப். மேலிருந்து பார்க்கும்போது சாலைதான் கடைசியாகக் கண்ணில் படும். எந்த மேப்பானாலும் 'வழிகாட்டு' பொத்தானை அழுத்தாதீர்கள். அழுத்தினால் நீலப்புள்ளியை அருகில் இருக்கும் சாலைக்கு இழுத்து ஒட்டவைக்கப் பார்க்கும்.

ஃப்ளைஓவர் கன்ட்ரி இந்த வேலைக்கென்றே அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் உருவானது. புறப்படும் இடத்தையும் சேரும் இடத்தையும் குறித்தால், வழித்தடத்தின் இருபுறமும் உள்ள நிலவியல் வரைபடம், புதைபடிவ இடங்கள், விக்கிப்பீடியா கட்டுரைகள் எல்லாவற்றையும் முன்கூட்டியே இறக்கித் தரும் விதமாக அமைத்திருந்தார்கள். யோசனை அருமை. அமெரிக்காவின் மேல் பறக்கிறவருக்கு இதற்கு ஈடு குறைவு. இந்தியாவுக்கு நிலவியல் விவரம் மேலோட்டமாகத்தான் இருக்கும். மீனம்பாக்கத்தை ஒட்டிய பரங்கிமலையின் பாறையை 1893-இல் தாமஸ் ஹாலந்து சார்னோக்கைட் என்று பெயரிட்டார். அதே வகைப் பாறைதான் சேர்வராயன் மலையிலும் இருக்கிறது. இந்த மாதிரித் தொடர்பை நாமே படித்துக்கொண்டு போக வேண்டியதுதான். இன்னொன்று, பல்கலைக்கழகத் திட்டங்களில் புதுப்பிப்பு தொடர்ந்து வரும் என்று நம்பி இருக்க முடியாது. உங்கள் போனுக்குக் கிடைக்கிறதா என்று முதலில் பாருங்கள்.

தமிழ்நாட்டுக்கு மேலே என் ஓட்டு, நெட் இல்லாமல் ஓடும் மேப் ஆப்பான ஆர்கானிக் மேப்ஸுக்கு. காரணம் ஏரி. அது பயன்படுத்தும், தன்னார்வலர்கள் வரையும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் தகவலில் ஏரிகளின் உருவம் நுணுக்கமாக வரையப்பட்டிருக்கிறது. மாநிலம் முழுவதும் ஒரே முறையில் இறங்கும், சமஉயரக் கோடுகளையும் போட்டுக்கொள்ளலாம். பள்ளத்துப் பக்கம் வில்லாக வளைந்த கரை, எதிர்ப்பக்கம் ஒழுங்கில்லாமல் விரியும் நீர்ப்பிடிப்பு என்று ஒவ்வொரு ஏரிக்கும் தனி முகம் உண்டு. மேலிருந்து அடையாளம் காண அதைவிட நல்ல குறி இல்லை. ஒரு எச்சரிக்கை: மேப் ஏரியை நிரம்பிய நிலையில் வரைகிறது. கோடையில் அதே இடம் பழுப்பாகவோ, சீமைக்கருவேலம் மண்டிப் பச்சையாகவோ இருக்கும். நீரைத் தேடாமல் கரையின் வளைவைத் தேடுங்கள்.

இதில் இருப்பிடப் பொத்தானை மறுபடி தட்டினால், பறக்கும் திசை மேலே வருமாறு மேப் திரும்பும். அப்போது வலது ஜன்னல் என்றால் திரையின் வலது பக்கம். போனின் திசைகாட்டியை நம்ப வேண்டாம். கேபினுக்குள் அது தடுமாறும். மலைச் சிகரத்தைக் காட்டும் பீக்ஃபைண்டர் போன்ற ஆப்கள் தரையில் பிரமாதமானவை, விமானத்தில் சறுக்குவது இதனால்தான். உயரமானி ஆப்பும் அப்படியே: போனின் காற்றழுத்த உணரி கேபின் அழுத்தத்தை அளந்து, 2,000 மீட்டர் பக்கம் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும்.

இனி இடைவெளிக் கணக்கு. நீட்டிய கையின் மூடிய முட்டி ஏறத்தாழ 10 பாகை. தரையிலிருந்து 10 கிலோமீட்டர் உயரத்தில், அடிவானத்துக்கு ஒரு முட்டி கீழே தெரியும் இடம் நாற்பத்தைந்து கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான தூரத்தில் இருக்கும். இரண்டு முட்டி என்றால் சுமார் 25. நாலரை என்றால் 10-ஐ ஒட்டி. மேப்பில் புள்ளியிலிருந்து அவ்வளவு தூரம் பக்கவாட்டில் பாருங்கள். விமானம் நிமிடத்துக்கு 13, 14 கிலோமீட்டர் ஓடுகிறது. யோசித்துக்கொண்டே இருந்தால் ஏரி இறக்கைக்குப் பின்னால் போய்விடும்.

சென்னை–கோவை நேர்கோட்டைப் போட்டுப் பார்த்தால் சாத்தனூர் அணை கிட்டத்தட்ட அடியிலேயே வருகிறது. விமானம் கொஞ்சம் விலகினால்தான் கண்ணில் படும். திருவண்ணாமலை இடப்பக்கம் பத்து கிலோமீட்டருக்குள், தனித்து நிற்கும் மலையாகத் தெரியும். ஜவ்வாது மலை வலப்பக்கம். மேட்டூர் வலப்பக்கம் சுமார் 30 கிலோமீட்டர், அதாவது ஒன்றரை முட்டி கீழே. அணை நமக்கு அருகான முனையில் இருக்கும், பக்கத்தில் அனல்மின் நிலையப் புகைபோக்கிகள். நீர்த்தேக்கம் ஒகேனக்கல் திசையில் குறுகிக்கொண்டே போகும். நீர்மட்டம் முழு அளவான 120 அடிக்கு வெகுவாகக் கீழே இருந்தால், கரையோரம் வெளிறிய மண் வளையம் தெரியும். காலை விமானத்தில் வலது ஜன்னல்தான் படத்துக்கு நல்லது, வெயில் நமக்குப் பின்னால் இருக்கும். இடது பக்கம் கண் கூசினாலும் ஏரிகள் ஒவ்வொன்றாக மின்னி இடத்தைக் காட்டிக்கொடுக்கும்.

மேலே இருக்கும்போது ஆப்போடு மல்லுக்கட்டப் பிடிக்காதவர்களுக்கு இன்னொரு வழி: படமாக எடுத்துக்கொண்டு வீட்டில் பார்ப்பது. கேமராவுக்கு இருப்பிட அனுமதி கொடுங்கள், ஆர்கானிக் மேப்ஸில் தடப்பதிவை ஓடவிடுங்கள். பிறகு தடத்தை ஜிபிஎக்ஸ் கோப்பாக எடுத்து, கணினியில் கூகுள் எர்த் புரோவில் திறந்து, படம் எடுத்த நேரத்துக்குரிய புள்ளிக்குப் போய், பார்வையைப் பக்கவாட்டில் சாய்த்தால் ஜன்னல் காட்சி அப்படியே வரும். துல்லியத்தில் மற்ற எல்லாவற்றையும் இது தோற்கடிக்கும். விமானப்படைத் தளத்தோடு சேர்ந்த நிலையங்களில் ஏறும்போதும் இறங்கும்போதும் படம் எடுக்கத் தடை உண்டு. பணியாளர் அறிவித்ததும் கேமராவை மூடிவிடுங்கள்.