இளம் ஓட்டுநருக்கு கார் இன்சூரன்ஸ்: அப்பா பெயரிலா, சொந்தப் பெயரிலா, எந்த பாலிசி?

பையனுக்கோ பெண்ணுக்கோ லைசென்ஸ் வந்ததும், "சின்ன வயசு, இன்சூரன்ஸ் டபுள் ஆகும்" என்று யாராவது பயமுறுத்துவார்கள். பெரும்பாலும் லண்டனிலோ டொராண்டோவிலோ இருக்கும் சொந்தக்காரர் சொன்னதாக இருக்கும். அங்கே அது உண்மைதான். இந்தியாவில் பிரீமியம் முக்கியமாக வண்டியைப் பார்த்துப் போடப்படுகிறது: இன்ஜின் சி.சி., வண்டியின் வயது, பதிவான ஊர், ஐ.டி.வி. எனப்படும் காப்பு மதிப்பு. சொந்தச் சேதப் பகுதிக்கு 2007 முதல் கம்பெனிகளே விலை வைப்பதால் சிலர் வயதையும் லேசாகக் கணக்கில் எடுக்கலாம். தேர்ட் பார்ட்டி, அதாவது நம் வண்டியால் மற்றவர்களுக்கு ஏற்படும் பாதிப்புக்கான பகுதியில் வயதுக்கு இடமே கிடையாது.

அப்படியானால் இளம் ஓட்டுநரின் செலவை எது தீர்மானிக்கிறது? ஆர்.சி. யார் பெயரில், எந்த வகை பாலிசி, யாரிடம் வாங்குவது. இந்த மூன்றையும் ஒரே வண்டியை வைத்துப் பார்க்கலாம்: சென்னைப் பதிவு, 1,197 சி.சி. ஹேட்ச்பேக், நாலரை வயது, ஐ.டி.வி. 4 லட்சம், ஓட்டப்போகிறவருக்கு 21 வயது.

பேரம் படியாத பகுதி

தேர்ட் பார்ட்டி பிரீமியத்தை மத்திய அரசே நிர்ணயிக்கிறது. 2022 ஜூன் 1 முதல் அமலான அறிவிப்பின்படி, சொந்த உபயோகக் காருக்கு ஓராண்டுக்கு 1,000 சி.சி. வரை ரூ. 2,094, 1,000 முதல் 1,500 சி.சி. வரை ரூ. 3,416, அதற்கு மேல் ரூ. 7,897. இதோடு 18 சதவீத ஜி.எஸ்.டி. நம் வண்டிக்கு ரூ. 4,031 வருகிறது. நியூ இந்தியாவில் எடுத்தாலும் சரி, யுனைடெட் இந்தியாவில் எடுத்தாலும் சரி, மொபைலில் மட்டும் விற்கும் கம்பெனியில் எடுத்தாலும் சரி, இந்தத் தொகை மாறாது.

போலியைப் பிடிக்க இதைவிட எளிய சோதனை இல்லை. "உங்க காருக்கு தேர்ட் பார்ட்டி 1,500 ரூபாய்க்குப் போட்டுத் தரேன்" என்று ஒருவர் சொன்னால் அதற்கு மேல் விசாரிக்க வேண்டியதில்லை. 75 முதல் 150 சி.சி. பைக்குக்கு தேர்ட் பார்ட்டி கட்டணம் ரூ. 714 தான். பைக் பாலிசி ஒன்றை எடுத்து, பி.டி.எஃப்.-இல் வண்டி விவரத்தை மட்டும் கார் என்று திருத்திக் கொடுப்பது பழைய மோசடி. பாலிசி எண் உண்மையானதாகவே இருக்கும், வண்டிதான் வேறு. சோதனைச் சாவடியில் காகிதத்தைக் காட்டித் தப்பலாம். விபத்து நடந்தால் அந்தக் காரைப் பொறுத்தவரை இன்சூரன்ஸே இல்லை. இன்சூரன்ஸ் இல்லாமல் ஓட்டினால் முதல் முறை அபராதம் ரூ. 2,000, மூன்று மாதம் வரை சிறையும் உண்டு. அதைவிடப் பெரிய அடி, இறந்தவர் குடும்பத்துக்குத் தீர்ப்பாயம் விதிக்கும் இழப்பீட்டை வண்டி உரிமையாளரே கட்ட வேண்டி வருவது.

அப்பா பெயர், சொந்தப் பெயர்

வெளிநாடுகளில் மகன் ஓட்டும் காருக்கு அப்பாவை முதன்மை ஓட்டுநராகக் காட்டுவது மோசடி. இங்கே அந்தச் சிக்கல் இல்லை. பாலிசி வண்டிக்கு எடுக்கப்படுகிறது. உரிமையாளர் சம்மதத்தோடு, செல்லுபடியாகும் லைசென்ஸ் உள்ள யாரும் ஓட்டலாம். எல்.எல்.ஆர். வைத்திருப்பவர்கூட ஓட்டலாம், ஆனால் பக்கத்தில் லைசென்ஸ் உள்ளவர் உட்கார்ந்திருக்க வேண்டும், 'எல்' போர்டு ஒட்டியிருக்க வேண்டும். தனியாக ஓட்டி இடித்தால் சொந்தச் சேதக் கிளெய்ம் நிராகரிக்கப்படும்.

விலையில் அப்பா பெயர் முந்துகிறது. காரணம் என்.சி.பி., அதாவது கிளெய்ம் செய்யாத வருடங்களுக்கான தள்ளுபடி. அது 20, 25, 35, 45 என ஏறி, ஐந்து வருடம் கிளெய்ம் இல்லையென்றால் 50 சதவீதத்தைத் தொடும். தள்ளுபடி சொந்தச் சேதப் பகுதிக்கு மட்டும்தான். அந்தப் பகுதி ரூ. 6,000 என்று வைத்துக்கொண்டால், 50 சதவீதம் வைத்திருக்கும் அப்பா ரூ. 3,000 கட்டுவார், புதிதாக ஆரம்பிக்கும் மகள் முழு 6,000 கட்டுவாள். ஜி.எஸ்.டி.யோடு வித்தியாசம் ரூ. 3,540. என்.சி.பி. ஆளோடு போகும், வண்டியோடு போகாது. அப்பா உயிரோடு இருக்கும்போது பிள்ளைக்கு மாற்றித் தரவும் முடியாது.

இந்த மூவாயிரத்தைப் பார்த்து முடிவு செய்பவர்கள் கவனிக்கத் தவறுவது வேறொன்று. பாலிசியோடு வரும் ரூ. 15 லட்சம் தனிநபர் விபத்துக் காப்பு 'உரிமையாளர்-ஓட்டுநர்' என்பவருக்கு மட்டும்தான். ஆர்.சி.யில் பெயர் உள்ளவர், அவரே லைசென்ஸ் வைத்திருப்பவர், அவரே ஓட்டியவர். அப்பா பெயரில் உள்ள காரை மகன் ஓட்டி, தானே மரத்தில் மோதி இறந்தால் அந்த 15 லட்சம் வராது. அவன் தேர்ட் பார்ட்டியும் ஆக மாட்டான். வண்டியை இரவல் வாங்கியவர் உரிமையாளரின் இடத்தில் நிற்பவர் என்று உச்ச நீதிமன்றம் 2009-இல் நிங்கம்மா வழக்கில் சொல்லிவிட்டது. வீட்டிலேயே அதிகம் ஓட்டுகிறவனுக்குத்தான் காப்பு இல்லை என்றாகிறது.

இதற்கு வழி உண்டு, செலவும் அதிகமில்லை. எல்லாப் பொதுக் காப்பீட்டுக் கம்பெனிகளும் 2021 ஏப்ரல் முதல் விற்க வேண்டிய 'சரல் சுரக்ஷா பீமா' என்ற ஒரே மாதிரியான தனிநபர் விபத்து பாலிசியை மகன் பெயரில் தனியாக எடுக்கலாம். குறைந்தது வங்கிக் கணக்கு வழியாக ஆண்டுக்கு ரூ. 20 பிடிக்கும் பிரதமரின் சுரக்ஷா பீமா யோஜனாவிலாவது சேர்த்துவிட வேண்டும். அதில் கிடைப்பது ரூ. 2 லட்சம். இரண்டில் ஒன்றும் செய்யப் போவதில்லை என்றால், கார் சொந்தப் பெயரில் இருப்பதே மேல்.

இன்னொரு கோணமும் உண்டு. மகன் குடித்துவிட்டு ஓட்டினாலோ, லைசென்ஸ் காலாவதியாகியிருந்தாலோ, பல வழக்குகளில் பாதிக்கப்பட்டவருக்குக் கம்பெனி பணம் கொடுத்துவிட்டு, பிறகு உரிமையாளரிடமிருந்து வசூலிக்கும். அப்பா பெயரில் வண்டி இருந்தால் நோட்டீஸ் அப்பாவுக்குத்தான் வரும்.

எங்கள் கணிப்பு: வீட்டுக் காரை அவ்வப்போது ஓட்டும் பிள்ளைக்கு அப்பா பெயரே போதும், தனி விபத்து பாலிசியோடு. தினமும் வேலைக்குத் தானே எடுத்துப் போகிறவர் சொந்தப் பெயரில் ஆரம்பிப்பது நல்லது. தள்ளுபடிக் கணக்கு அப்போதுதான் அவர் பெயரில் ஏறத் தொடங்கும்.

தேர்ட் பார்ட்டி மட்டும், ஃபுல் கவர், பம்பர் டு பம்பர்

தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால் ரூ. 4,031-ஓடும், விபத்துக் காப்புக்கான சில நூறு ரூபாயோடும் முடிந்துவிடும். வண்டி திருடு போனாலோ, எரிந்தாலோ, சுவரில் மோதினாலோ ஒரு பைசா வராது. இளைஞர்களுக்கு இதில் பெரிய ஓட்டை பின்சீட்டில் இருக்கிறது. நான்கு நண்பர்கள் ஏறி மகாபலிபுரம் போகிற வழியில் விபத்து என்றால், சொந்த உபயோகக் காரில் பயணம் செய்பவர்களுக்குத் தேர்ட் பார்ட்டி மட்டும் உள்ள பாலிசி பொறுப்பேற்காது. தேர்ட் பார்ட்டியோடு சொந்தச் சேதமும் சேர்ந்த ஃபுல் கவர் பாலிசி பொறுப்பேற்கும். 2012-இல் பாலகிருஷ்ணன் வழக்கில் உச்ச நீதிமன்றம் இந்த வேறுபாட்டைத் தெளிவாக்கியது. புதிய வண்டிகளுக்கு ஐந்து வருடம் பம்பர் டு பம்பர் கட்டாயம் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஆகஸ்டில் போட்ட உத்தரவின் பின்னாலும் இப்படி ஒரு வழக்குதான் இருந்தது. அடுத்த மாதமே அந்த உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. இன்று கட்டாயம் இல்லை, ஆனால் பிரச்சினை அப்படியே இருக்கிறது.

ஃபுல் கவருக்கும் பம்பர் டு பம்பருக்கும் உள்ள வித்தியாசம் ஒர்க்‌ஷாப் பில்லில்தான் தெரியும். சாதாரண ஃபுல் கவரில் மாற்றும் பாகத்துக்குத் தேய்மானம் கழிப்பார்கள்; பம்பர் டு பம்பரில் கழிக்க மாட்டார்கள். ரப்பர், பிளாஸ்டிக், பேட்டரிக்கு 50 சதவீதம், கண்ணாடிக்கு இல்லை, தகரப் பாகங்களுக்கு வண்டியின் வயதைப் பொறுத்து, நாலு முதல் ஐந்து வயது வண்டிக்கு 35 சதவீதம். பெயின்ட் வேலையில் பொருள் செலவுக்குப் பாதி; மொத்தமாகப் பில் போட்டால் அதில் கால்வாசியைப் பொருள் என்று கொள்வார்கள்.

முன்பக்கம் ஒரு இடி என்று கொள்ளுங்கள். பம்பர் ரூ. 6,000, ஃபெண்டர் ரூ. 5,000, பெயின்ட் ரூ. 8,000, கூலி ரூ. 3,000, மொத்தம் ரூ. 22,000. ஃபுல் கவரில் பம்பருக்கு 3,000, ஃபெண்டருக்கு 3,250, பெயின்டுக்கு 7,000, கூலி 3,000 ஆக 16,250 வரும். ஒவ்வொரு கிளெய்மிலும் நாமே ஏற்க வேண்டிய கட்டாயக் கழிவு 1,000 போக ரூ. 15,250 கிடைக்கும். கைக்காசு ரூ. 6,750. பம்பர் டு பம்பரில் அந்த 1,000-மும், நட்டு, கிரீஸ் போன்ற சில்லறையும் மட்டும்தான் கைக்காசு. இரண்டிலும் அடுத்த வருடம் என்.சி.பி. போய்விடும் என்பதை மறக்க வேண்டாம். வருடத்துக்கு இத்தனை கிளெய்ம்தான் என்ற வரம்பையும் படித்துப் பாருங்கள். இரண்டு என்பது வழக்கம். வண்டி ஐந்து வயதைத் தாண்டினால் பல கம்பெனிகள் இந்தக் கவரைத் தரத் தயங்கும் அல்லது விலையை ஏற்றும்.

ஓட்டப் பழகும் முதல் இரண்டு வருடம் பம்பர் டு பம்பர் வீண் செலவு இல்லை. ஐ.டி.வி. ஒரு லட்சத்துக்குக் கீழே உள்ள பழைய வண்டியில் பழகுவதென்றால் தேர்ட் பார்ட்டியோடு நிறுத்திக்கொள்ளலாம், பயணிகளுக்கான விபத்துக் காப்பைச் சேர்த்து.

வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் வீடு என்றால் இன்ஜின் கவரைத் தனியாகப் பாருங்கள். வெள்ளச் சேதம் ஃபுல் கவரில் உண்டு. ஆனால் தண்ணீரில் நின்ற வண்டியை ஸ்டார்ட் செய்து, சிலிண்டருக்குள் தண்ணீர் போய் கனெக்டிங் ராடு வளைந்தால், அது பின்விளைவுச் சேதம் என்று கழித்துவிடுவார்கள். 2015-இலும் 2023 டிசம்பரில் மிக்ஜாமின் போதும் சாவியைத் திருப்பியவர்கள் பட்ட பாடு இதுதான்.

விலையைக் குறைக்கிறேன் என்று ஐ.டி.வி.யைக் கீழே இழுப்பது கெட்ட பழக்கம். பழுதுச் செலவு ஐ.டி.வி.யில் 75 சதவீதத்தைத் தாண்டினால் வண்டி முழு நஷ்டமாகக் கருதப்படும். கைக்கு வருவது அந்தக் குறைத்த தொகைதான். அதற்குப் பதில் கழிவைத் தானாக முன்வந்து 5,000 ஏற்றுக்கொள்வது சிலருக்குப் பொருந்தும். ஐந்தாறாயிரம் ரூபாய்க் கீறலுக்கு எப்படியும் கிளெய்ம் போகப் போவதில்லை என்றால் இழப்பு சிறியது. கிடைக்கும் தள்ளுபடி 500, 600 ரூபாய்தான் என்றால் வேண்டாம்.

ஓடிய தூரத்துக்கு மட்டும் காசு

2022 ஜூலையில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமான ஐ.ஆர்.டி.ஏ.ஐ. அனுமதித்த வகை. வருடத்துக்கு இத்தனை கிலோமீட்டர் என்று முன்பே சொல்லி, சொந்தச் சேதப் பகுதியில் தள்ளுபடி வாங்கலாம். பிள்ளை ஹாஸ்டலில், வண்டி வீட்டில் என்றால் அருமை. வார இறுதியில் ஊருக்குப் போய் வருகிறவர் தூரத்தைக் குறைத்துச் சொன்னால், தாண்டியதும் டாப்-அப் போட வேண்டும். போடாவிட்டால் கிளெய்மில் வெட்டு விழும். ஓட்டும் விதத்தைப் பார்த்து விலை வைக்கும் வகையும் உண்டு. திடீர் பிரேக்கையும் வேகத்தையும் அது பதிவு செய்யும் என்பதால், நிதானமானவர்களுக்கு மட்டும்.

யாரிடம் வாங்குவது

ஷோரூமில் எடுத்தால் கேஷ்லெஸ் வேலை சுலபம், விலை பெரும்பாலும் அதிகம். அங்கேதான் எடுக்க வேண்டும் என்ற சட்டம் இல்லை. ஒப்பீட்டுத் தளங்கள் ஒரே நேரத்தில் பத்து விலை காட்டும், ஆனால் ஒவ்வொன்றும் வேறு ஐ.டி.வி.யில் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே ஐ.டி.வி., ஒரே கூடுதல் கவர்களுக்கு மாற்றிய பிறகே ஒப்பிடுங்கள். கம்பெனி தளத்தில் நேராக எடுத்தால் இடையில் ஆள் இல்லை. கிளெய்ம் நேரத்திலும் நீங்களேதான் அலைய வேண்டும். உள்ளூர் ஏஜெண்டின் மதிப்பு அங்கேதான். நல்ல ஏஜெண்ட் என்றால் இருநூறு முந்நூறு கூடப் போனாலும் பரவாயில்லை.

யாரிடம் வாங்கினாலும் பணம் கம்பெனி பெயருக்கே போக வேண்டும். தனிநபர் யு.பி.ஐ. எண்ணுக்கு அனுப்பச் சொன்னால் விலகிவிடுங்கள். பிரீமியம் கம்பெனிக்குப் போய்ச் சேராமல் காப்பு தொடங்காது, அது காப்பீட்டுச் சட்டத்தின் 64 வி.பி. பிரிவு. பாலிசி வந்ததும் சேஸிஸ் எண், இன்ஜின் எண், வண்டி வகை மூன்றையும் ஆர்.சி.யோடும், என்.சி.பி. சதவீதத்தைப் பழைய பாலிசியோடும் ஒத்துப் பாருங்கள். க்யூ.ஆர். குறியீட்டை ஸ்கேன் செய்யுங்கள். சில நாள் கழித்து அரசின் எம்-பரிவாஹன் ஆப்பில் வண்டி எண்ணைப் போட்டால் கம்பெனி பெயரும் முடியும் தேதியும் தெரிய வேண்டும்.

பழைய வண்டி வாங்குகிறவர்களுக்கு

முதல் வண்டி பெரும்பாலும் செகண்ட் ஹேண்ட்தான். ஆர்.சி. மாற்றிவிட்டு இன்சூரன்ஸை விட்டுவிடுவது இங்கே நடக்கும் பெரிய தவறு. 14 நாளுக்குள் கம்பெனியிடம் பெயர் மாற்றம் கேட்க வேண்டும். தேர்ட் பார்ட்டி காப்பு தானாகவே புதிய உரிமையாளருக்குப் போகும்; சொந்தச் சேதக் காப்பு போகாது. பழைய ஓனர் பெயரில் பாலிசி, உங்கள் பெயரில் ஆர்.சி. என்றால், இடித்த வண்டிக்கு இருவருக்குமே கிளெய்ம் கிடைக்காது.

அடுத்தது, ஆன்லைன் படிவத்தில் "போன வருடம் கிளெய்ம் செய்தீர்களா?" என்ற கேள்வி. விற்றவர் செய்யவில்லை என்று "இல்லை" போட்டால், அவருடைய என்.சி.பி. உங்கள் கணக்கில் தவறாக ஏறிவிடும். விலை குறைந்ததாகத் தெரியும். கிளெய்ம் வந்ததும் பழைய கம்பெனியிடம் கேட்டுச் சரிபார்ப்பார்கள், அங்கே மாட்டிக்கொள்வீர்கள். பாலிசி காலாவதியாகி 90 நாள் தாண்டியிருந்தாலும் என்.சி.பி. கிடையாது.

ஓன் போர்டு (சொந்த உபயோக) வண்டியை நண்பருக்கு நாள் வாடகைக்கு விடுவதும் கிளெய்மைக் கொல்லும்.

கிளெய்ம் மறுக்கப்பட்டால் முதலில் கம்பெனிக்கு எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை அல்லது திருப்தி இல்லை என்றால் ஐ.ஆர்.டி.ஏ.ஐ.யின் 'பீமா பரோசா' தளம், 155255 எண், அல்லது சென்னையில் உள்ள காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர். ஓராண்டுக்குள் போக வேண்டும், ரூ. 50 லட்சம் வரை விசாரிப்பார்கள், கட்டணம் இல்லை, வக்கீலும் தேவையில்லை. நிராகரிப்புக் கடிதத்தில் பாலிசியின் எந்த நிபந்தனையைக் காட்டியிருக்கிறார்கள் என்பதை அடிக்கோடிட்டு, அதற்கான பதிலை மட்டும் எழுதி, சர்வேயர் அறிக்கையின் நகலோடு அனுப்புங்கள்.