சஃப்ரானின் ஓ: சிவப்பு இருக்கிறது, செக்‌ஷன் எங்கே?

பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து ஒரு தம்பி நேற்று போனில் கேட்டான்: "அக்கா, குருத்தெலும்புக்கு சஃப்ரானின் ஓ வாங்கலாமா, டொலுயிடின் புளூ போதுமா?" இரண்டுமே மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் திசுவுக்கு ஏற்றும் சாயம். டர்பனில் 6 வருஷமாக, குருத்தெலும்பைச் சிவப்பாக்கும் சஃப்ரானினும் எலும்பைப் பச்சையாக்கும் ஃபாஸ்ட் கிரீனுமாகக் கிடப்பவள் நான். ஆனால் அவன் கேட்ட நேரம் சரியில்லை. நேற்றுக் காலைதான் 8 ஸ்லைடில் 5-ல் குருத்தெலும்பைக் காணோம்.

ஆட்டு முழங்கால் மூட்டு. சுண்ணாம்புச் சத்தை உறிஞ்சியெடுக்கும் ஈடிடிஏ கரைசலில் வாரக்கணக்கில் ஊறித்தான் எலும்பு இளகியது. ஃபார்மிக் அமிலத்தில் போட்டால் சீக்கிரம் முடியும்தான். கூடவே சஃப்ரானின் ஒட்டும் குருத்தெலும்புப் பொருளான புரோட்டியோகிளைக்கனும் கரைந்து சிவப்பு வெளுத்துப்போகும், அப்புறம் சாயத்தைத் திட்டிப் பயனில்லை. மெழுகில் பதித்து, 5 மைக்ரான் தடிமனுள்ள செக்‌ஷனாக, அதாவது மெல்லிய சீவலாக வெட்டி, 42 டிகிரி வெந்நீரில் மிதக்கவிட்டு, ஸ்லைடில் ஏந்தி, இரவெல்லாம் காயட்டும் என்று 37 டிகிரி அடுப்பில் வைத்துவிட்டுப் போனேன். நடுராத்திரி கரன்ட் போயிருக்கிறது. பிப்ரவரி மாத டர்பனில் துவைத்த துணியே காயாது.

காலையில் பார்த்தால் காய்ந்த மாதிரிதான் இருந்தது. ஃபாஸ்ட் கிரீன் வரைக்கும் ஒட்டிக்கொண்டும் இருந்தது. 1 சதவீத அசிட்டிக் அமிலத்தில் 10 விநாடி முக்கியதும் குருத்தெலும்பு மட்டும் ஓரத்தில் சுருண்டு, எண்ணெயில் போட்ட அப்பளம் மாதிரி எழும்பி, ஜாடியின் அடியில் போய் உட்கார்ந்தது. எலும்பு அசையவில்லை, பச்சைப் பசேலென்று ஸ்லைடிலேயே இருந்தது.

சாயத்தின் மேல் தப்பில்லை. திசு ஒட்டுவதற்கென்றே விற்கும் மின்னூட்ட ஸ்லைடை வாங்காமல் சாதா ஸ்லைடில் காலம் தள்ளிய கஞ்சத்தனம் என்னுடையது. ஆனாலும் சஃப்ரானினுக்கு முந்தின அந்த அமில முக்கலை நினைத்தாலே எரிச்சல் வருகிறது.

மிச்சம் 3 ஸ்லைடை லென்ஸுக்கு அடியில் வைத்தேன், திட்ட வாய் வரவில்லை. பச்சை எலும்பின் மேல் குங்குமத்தை அப்பினாற்போல் குருத்தெலும்பு. மேல்பரப்பில் வெளிறி, ஆழத்தில் அடர்ந்து, செல் இருக்கும் குழிகளைச் சுற்றி இன்னும் இருண்ட வளையம். புரோட்டியோகிளைக்கனின் எதிர்மின்னூட்டமுள்ள சர்க்கரைச் சங்கிலிகள் எங்கே அதிகமோ அங்கே சிவப்பு அதிகம். மூட்டு தேயத் தொடங்கிய இடம் வெளுத்துக் காட்டிக்கொடுத்துவிடும். டொலுயிடின் புளூவும் குருத்தை ஊதாவாகக் காட்டும், ஆனால் எலும்பை இப்படி எட்ட நிறுத்தாது.

தம்பிக்கு என்ன சொன்னேன் தெரியுமா? "டொலுயிடின் புளூவே வாங்கு. ஒரே சாயம், ஒரே ஜாடி, சில நிமிஷ வேலை." என்னிடம் இருக்கும் பாதிக் குப்பி சஃப்ரானினையும் வந்து எடுத்துக்கொண்டு போ என்றேன். அவன் சனிக்கிழமை வருகிறானாம். கால் குப்பி கொடுத்தால் போதாதா என்று இருக்கிறது இப்போது.