இடக்கையை உயர்த்தினால் நிற்கும் கருவி: ஒரு பல் மருத்துவமனை பற்றிய மதிப்புரை

பல் மருத்துவமனை இருக்கும் தெருவில்கூட நடக்காமல் 11 ஆண்டுகள் சுற்றிப் போய்க்கொண்டிருந்த ஒருவன் எழுதும் மதிப்புரை இது. கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் இருந்த சொத்தை முதலில் குளிர்ந்த நீருக்குக் கூசியது. பிறகு இரவில் தலையைச் சாய்த்ததும் விண்விண்ணென்று தெறித்து, எழுந்து உட்கார்ந்தால்தான் சற்றுத் தணிகிற வலியாக முற்றியது. அதற்குப் பிறகும் இரண்டு மாதங்களை வலி மாத்திரைகளிலேயே ஓட்டினேன். மாத்திரை வலியை அமுக்குமே தவிர, பல்லின் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும் கூழை, அதாவது நரம்பும் இரத்தக் குழாய்களும் உள்ள மென்திசுவை, ஒன்றும் செய்யாது என்பது எனக்குத் தெரியாததல்ல. தெரிந்தேதான் போகாமல் இருந்தேன்.

அதற்குக் காரணம் ஊசி அல்ல. முன்பு வேறோர் இடத்தில் சிகிச்சை பெற்றபோது, மரத்துப்போவதற்கான ஊசி போட்ட பிறகும் பல்லைக் குடையக் குடைய எனக்கு வலித்தது. வலிக்கிறது என்று சொன்னேன். மருந்து போட்டாகிவிட்டது, வலிக்க வாய்ப்பே இல்லை, நீங்கள் வீணாகப் பயப்படுகிறீர்கள் என்று சொல்லிக்கொண்டே அந்த மருத்துவர் வேலையைத் தொடர்ந்தார். பல் சரியாகிவிட்டது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் வாயைத் திறந்து வைத்திருப்பவன் சொல்வது யார் காதிலும் ஏறாது என்ற எண்ணம் அன்று எனக்குள் இறங்கி, அங்கேயே தங்கிவிட்டது.

இப்போது நான் போன மருத்துவமனையில் முதல் நாள் எந்தக் கருவியும் என் வாய்க்குள் நுழையவில்லை. வரவேற்பில் ஒரு தாளைக் கொடுத்தார்கள். பல் மருத்துவ அச்சத்தை அளப்பதற்காக 1969இல் நான்கு கேள்விகளோடு உருவான ஓர் அளவுகோலில், 1995இல் ஊசியைப் பற்றிய ஐந்தாவது கேள்வியையும் சேர்த்துத் திருத்திய வடிவம் அது. நாளை பல் மருத்துவரிடம் போக வேண்டும் என்றால் எப்படி இருக்கும், காத்திருப்பு அறையில் உட்கார்ந்திருக்கும்போது எப்படி இருக்கும் என்பன போன்ற கேள்விகளுக்கு ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பெண் இட வேண்டும், மொத்தம் 25. அதில் 19ஓ அதற்கு மேலோ வந்தால் கடுமையான அச்சம் என்று கணக்கு. நான் 22 பெற்றேன். தேர்வுகளில்கூட இவ்வளவு நல்ல விழுக்காடு எனக்குக் கிடைத்ததாக நினைவில்லை. மருத்துவர் அந்தத் தாளைப் பார்த்துவிட்டுச் சிரிக்கவும் இல்லை, தைரியமும் சொல்லவில்லை. "முன்பு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டார்.

நான் சொல்லி முடித்ததும் அவர் தந்த விளக்கத்துக்காகவே இந்த மருத்துவமனையை முதலில் பாராட்ட வேண்டும். பல்லின் கூழ் கடுமையாக அழற்சி கண்டிருக்கும்போது அதைச் சுற்றியுள்ள திசு அமிலத்தன்மை அடைகிறது. லிடோகெயின் போன்ற, மரத்துப்போகச் செய்யும் மருந்து நரம்பின் உறையைக் கடந்து உள்ளே செல்ல வேண்டிய வடிவில் அந்த அமிலத்தில் குறைவாகவே இருக்கும். அழற்சியால் நரம்பும் எளிதில் தூண்டப்படும் நிலையில் இருக்கும். ஆகவே உதடு மரத்துப்போன பிறகும் பல் வலிப்பது, குறிப்பாகக் கீழ்க் கடைவாய்ப் பற்களில், அவர்கள் அடிக்கடி சந்திக்கும் ஒன்றுதான் என்றார். அப்படி நேர்ந்தால் பல்லுக்கும் எலும்புக்கும் இடையிலுள்ள நாரில் கூடுதலாக மருந்து செலுத்தும் வழி இருக்கிறது என்றும் சொன்னார். இத்தனை ஆண்டுகளாக என் கோழைத்தனம் என்று நான் நம்பி வந்தது வேதியியலாக இருந்திருக்கிறது. நாற்காலியில் உட்கார்ந்திருந்தபடியே தோள்கள் தளர்ந்ததை உணர்ந்தேன்.

அடுத்து அவர் செய்ததுதான் மிக முக்கியமானது. வலித்தாலோ, மூச்சு முட்டினாலோ, காரணமே இல்லாமல் ஓய்வு வேண்டும் என்று தோன்றினாலோ இடக்கையை உயர்த்தும்படி சொன்னார். மருத்துவர் வலப்பக்கம் இருப்பதால் இடக்கையை உயர்த்தினால் அவரது கையில் தட்டாது. இந்த ஏற்பாட்டைப் பல மருத்துவமனைகள் வாயளவில் சொல்வதுண்டு. இவர் ஒத்திகை பார்த்தார். பல்லைத் தொடாமல், என் முகத்திலிருந்து ஒரு முழம் தள்ளி வைத்துக் கருவியை ஓடவிட்டார். காற்றின் விசையில் நிமிடத்துக்கு 3 இலட்சம் முறைக்கு மேல் சுழலும் அந்தக் கருவியின் கீச்சொலிதான் என் கெட்ட கனவுகளின் பின்னணி இசை. நான் கையை உயர்த்தினேன், ஒலி நின்றது. மறுபடி ஓடவிட்டார், உயர்த்தினேன், நின்றது. மூன்றாவது முறை அவர் வேண்டுமென்றே உதவியாளரோடு பேசிக்கொண்டிருந்தார். அப்போதும் என் கை எழுந்த கணத்திலேயே அது நின்றது. அந்த ஒலி என் கட்டுப்பாட்டுக்குள் வரக்கூடியது என்பது எனக்கு அதுவரை தோன்றியதே இல்லை. சிரிப்பூட்டும் வாயுவைச் சுவாசிக்கக் கொடுத்து அச்சத்தைத் தணிக்கும் வசதியும் அங்கே உண்டு. தேவைப்பட்டால் கேட்கிறேன் என்று சொல்லி வைத்தேன்; கடைசிவரை கேட்கவில்லை.

நான்கு நாள் கழித்து வேர்ச் சிகிச்சை (ரூட் கேனால்) தொடங்கியது. ஊசி போட வேண்டிய இடத்தைப் பஞ்சால் ஈரம் போக ஒற்றி எடுத்து, மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவி, இரண்டு நிமிடம் அப்படியே விட்டுவிட்டார். களிம்பு மேல்தோலை மட்டுமே மரக்கச் செய்யும், ஊசி ஆழம் போகும்போது ஓர் அழுத்தம் தெரியத்தான் செய்யும் என்று முன்கூட்டியே சொன்னார், தெரியவும் செய்தது. ஊசியில் வலிப்பதில் பெரும்பங்கு மருந்தை வேகமாகத் தள்ளுவதால் வருகிறது என்பதால், 1.8 மில்லிலிட்டர் மருந்தைச் செலுத்த ஏறக்குறைய இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார். முடிந்தவுடன் நெஞ்சு படபடத்தது. பயம் திரும்பிவிட்டது என்று நான் நினைப்பதற்குள், மருந்து நீடிப்பதற்காகச் சேர்க்கப்படும் அட்ரினலினால் சிலருக்கு இப்படி வரும், சில நிமிடங்களில் அடங்கிவிடும் என்றார். அடங்கிவிட்டது. கீழுதடு தடித்ததுபோல ஆன பிறகும் உடனே தொடங்கவில்லை. குளிரூட்டிய பஞ்சை அந்தப் பல்லில் வைத்துக் கூசுகிறதா என்று சோதித்தார். கூசியது. அவரே கூடுதல் மருந்து செலுத்தி, மறுபடியும் சோதித்து, எனக்கு ஒன்றும் தெரியவில்லை என்று உறுதியான பிறகுதான் கருவியை எடுத்தார்.

பல்லை மட்டும் வெளியே விட்டு மற்ற வாய்ப்பகுதியை மறைக்கும் ரப்பர் விரிப்பு முதலில் மூச்சை அடைப்பதுபோல இருந்தது. ஆனால் நீரும் துணுக்குகளும் தொண்டைக்குப் போகாது என்று புரிந்ததும் விழுங்கிவிடுவோமோ என்ற தவிப்பு குறைந்தது. விரிப்பு இருக்கும்போது பேச முடியாது என்பதால் கைச்சைகையின் அருமை அப்போதுதான் தெரிந்தது. இரண்டு முறை கையை உயர்த்தினேன். முதல் முறை உண்மையாகவே ஒரு சுருக்கென்ற வலி. இரண்டாம் முறை எந்த வலியும் இல்லை. நிற்கிறதா என்று பார்க்கத்தான். அதை மருத்துவரும் ஊகித்திருப்பார். எதுவும் கேட்காமல் நிறுத்தினார். மூன்று வேர்க்குழாய்களையும் சுத்தம் செய்து, தற்காலிக அடைப்பு வைத்து, ஒரு வாரம் கழித்து நிரந்தரமாக அடைத்தார்கள். மேலே உறை போட்டதைப் பற்றிச் சொல்ல ஒன்றுமில்லை, சரியாகப் பொருந்தியிருக்கிறது.

குறைகளும் உண்டு. குறித்த நேரத்துக்குச் சென்றும் முதல் நாள் 50 நிமிடம் காத்திருந்தேன். அச்சமுள்ளவருக்கு அந்த 50 நிமிடம்தான் சிகிச்சையைவிடக் கொடியது. போதாக்குறைக்கு, சிகிச்சை அறையின் கதவு சரியாகச் சாத்தாததால் உள்ளே ஓடும் கருவியின் ஒலி முழுவதும் வெளியே கேட்கிறது. இவ்வளவு பார்த்துப் பார்த்துச் செய்கிறவர்கள் ஒரு கதவை ஏன் கவனிக்கவில்லை என்று எனக்கு விளங்கவில்லை. மருத்துவரின் பக்குவம் உதவியாளர்களுக்கு இன்னும் வரவில்லை என்பது மற்றொன்று: "சின்ன ஊசிதானே, இதற்கெல்லாமா" என்று ஒருவர் சொன்னபோது, 11 ஆண்டுகளுக்கு முந்தைய நாற்காலிக்கே திரும்பிவிட்டதுபோல இருந்தது. மரப்பு நீங்க 3 மணி நேரத்துக்கு மேல் ஆனது. அதுவரை எதையும் மெல்லக் கூடாது என்ற எச்சரிக்கை அவர்கள் கொடுத்த தாளின் அடியில் பொடி எழுத்தில் இருக்கிறது. அதைப் படிக்காமல் கன்னத்தின் உட்புறத்தைக் கடித்துக்கொண்டேன். மரப்பு நீங்கிய பிறகுதான் அது தெரிந்தது. புண் ஆற ஒரு வாரம் ஆயிற்று.

மருத்துவமனையின் வாசலையே மிதிக்க முடியாத அளவுக்கு அச்சம் உள்ளவர்களுக்கு இந்த ஏற்பாடுகள் மட்டும் போதும் என்று சொல்ல மாட்டேன். அவர்களுக்கு உளவியல் ஆலோசனையோ மயக்க மருந்தின் துணையோ தேவைப்படலாம். ஆனால் என்னைப்போல, முன்பு ஒருமுறை வலியைச் சொல்லியும் கேட்கப்படாமல் போனதால் ஒதுங்கியவர்கள் இங்கே தயங்காமல் போகலாம். ஐந்துக்கு நான்கு மதிப்பெண் தருகிறேன். அந்த ஒன்றைக் கதவுக்காகவே குறைத்திருக்கிறேன். மேல்வரிசையில் இன்னொரு சொத்தை இருப்பதாக எக்ஸ்ரே காட்டியது. அதற்கு நானே தொலைபேசியில் நேரம் கேட்டு, காலையில் முதல் ஆளாக வருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். எனக்கு முன்னால் யாரும் இல்லையென்றால் வெளியே உட்கார்ந்து அந்த ஒலியைக் கேட்க வேண்டியிருக்காது.